ஒரு பிக்கோ ஆம்பியரை இரைச்சலுக்குள்ளிருந்து எடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: தண்ணீரில் இருக்கும் பாசியின் அளவை, அதிலுள்ள குளோரோபில் வெளிவிடும் சிவப்பு ஒளியை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை இறுதியாண்டு ப்ராஜெக்டாகச் செய்கிறீர்கள். நீல எல்இடி, சிவப்பு ஃபில்டர், ஒரு சிலிக்கான் ஃபோட்டோடையோடு, எல்எம்358 ஆப்-ஆம்ப் (பெருக்கி ஐசி), 1 மெகா ஓம் ரெசிஸ்டர், அதற்குப் பின்னால் 1000 மடங்கு கெயின் (பெருக்கம்). ஆஃப்செட் பாட் வைத்து இழுத்துப் பிடித்தும் அவுட்புட் வோல்ட் கணக்கில் ஆடுகிறது. எதிர்பார்க்கும் சிக்னல் 1 பிக்கோ ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. கெயினை ஏற்றலாமா, 24 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஐசி) வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். ஏடிசிக்கான பணம் கையில் இருக்கட்டும். கெயின் சிக்னலையும் இரைச்சலையும் ஒரே அளவில்தான் பெருக்கும். 24 பிட் ஏடிசி அந்த இரைச்சலை இன்னும் நுணுக்கமாக எழுதிக் காட்டும், அவ்வளவுதான். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை முதல் ஆப்-ஆம்ப்புக்குப் பிறகு வரும் எந்தப் பெருக்கியாலும் கூட்ட முடியாது. கூட்ட ஒரே வழி, சிக்னலைப் பற்றி நமக்கு முன்கூட்டியே தெரிந்ததைப் பயன்படுத்துவது: அது எந்த அதிர்வெண்ணில் வரும், எந்த நொடியில் தொடங்கும், என்ன வடிவத்தில் இருக்கும் என்பது. இரைச்சலுக்கு இது எதுவும் தெரியாது. உங்கள் சர்க்யூட்டில் எல்இடி சும்மா எரிந்துகொண்டே இருப்பதால் சிக்னலைப் பற்றி உங்களுக்கும் எதுவும் தெரியவில்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் இப்போது இருப்பதற்குக் கணக்குப் போடுவோம். 1 பிக்கோ ஆம்பியர் 1 மெகா ஓம்மில் 1 மைக்ரோவோல்ட் தரும். 1000 மடங்கு பெருக்கினால் 1 மில்லிவோல்ட். எல்எம்358-இன் இன்புட் பயாஸ் கரன்ட்டோ (ஐசியின் இன்புட் காலில் எப்போதும் ஓடும் கரன்ட்) சில பத்து நானோ ஆம்பியர். அதாவது நீங்கள் அளக்க நினைக்கும் கரன்ட்டைப் போலப் பல்லாயிரம் மடங்கை அந்த ஐசியே ஓட்டுகிறது, போதாததற்கு அது வெப்பநிலையோடு நகர்கிறது. நீங்கள் பாட் வைத்து இழுத்துப் பிடிப்பது இதைத்தான். ஃபேன் காற்று பட்டால்கூட அவுட்புட் நகரும்.

இதைச் சரிசெய்தாலும் அடுத்தது ரெசிஸ்டரே எழுப்பும் இரைச்சல். பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் கணக்கால் விளக்கி, இருவரும் 1928-இல் வெளியிட்டார்கள்: எந்த ரெசிஸ்டரும், பேட்டரி எதுவும் இணைக்காமலே, வெப்பத்தால் மட்டும் ஒரு சிறு மின்னழுத்தத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும். நல்ல ரெசிஸ்டர் வாங்கித் தப்பிக்க முடியாது. 1 மெகா ஓம்முக்கு இது கரன்ட் கணக்கில் √ஹெர்ட்ஸுக்கு 129 ஃபெம்டோ ஆம்பியர் (ஃபெம்டோ என்பது பிக்கோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு; மொத்த இரைச்சலுக்கு இதை அலைவரிசை அகலத்தின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும்). எல்எம்358-ஐ 1000 மடங்கு கெயினில் ஓட்டினால் அதன் அலைவரிசை அகலம் ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். அந்த அகலத்தில் ரெசிஸ்டர் மட்டுமே தரும் இரைச்சல் 4 பிக்கோ ஆம்பியர். சிக்னலைப் போல நான்கு மடங்கு. ட்யூப்லைட், மின்கம்பி, லேப்டாப் சார்ஜர் எதையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

ரெசிஸ்டரைப் பெரிதாக்க வேண்டும். இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும்: பெரிய ரெசிஸ்டர் என்றால் அதிக இரைச்சல்தானே? மின்னழுத்தமாகப் பார்த்தால் ஆம், ஆனால் அது மதிப்பின் வர்க்கமூலமாகத்தான் ஏறுகிறது. சிக்னல் நேர் விகிதத்தில் ஏறுகிறது. 100 மெகா ஓம் போட்டால் ரெசிஸ்டரின் பங்கு 13 ஃபெம்டோ ஆம்பியராகக் குறைகிறது (இதுவும் அடுத்து வரும் இரைச்சல் எண்களும் √ஹெர்ட்ஸுக்கு). அப்படியானால் 1 கிகா ஓம் போடலாமே என்று கேட்பீர்கள். பயன் குறைவு. கறுப்புத் துணி போட்டு மூடினாலும் வெளி வெளிச்சம் கசிந்து, உங்கள் டையோடில் 1 நானோ ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். கரன்ட் என்பது எலக்ட்ரான்களாக வருவதால் அதற்கென்று ஒரு ஷாட் நாய்ஸ் உண்டு. ஷாட்கி 1918-இல் சொன்னது. 1 நானோ ஆம்பியருக்கு அது 18 ஃபெம்டோ ஆம்பியர். ரெசிஸ்டரின் 13-ஐ 4-ஆகக் குறைத்தாலும் இந்த 18 அப்படியே நிற்கும். இதற்கு மேல் முன்னேற வேண்டுமானால் ரெசிஸ்டரை விட்டுவிட்டு வெளிச்சக் கசிவை அடைக்க வேண்டும். எந்த இரைச்சல் இப்போது முன்னணியில் இருக்கிறது என்று எழுதிப் பார்க்காமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போவதில்தான் ப்ராஜெக்ட்டுகளின் பாதிக் காலம் போகிறது.

ஆப்-ஆம்ப்புக்கு டிஎல்071 போதும். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஜேஃபெட் இன்புட், பயாஸ் கரன்ட் சில பத்து பிக்கோ ஆம்பியர். இன்னும் நல்லது வேண்டுமானால் ஓபிஏ140. ஃபெம்டோ ஆம்பியர் பயாஸ் கொண்ட விலையுயர்ந்த ஐசிகள் இந்த வேலைக்குத் தேவையில்லை; ஏன் என்று கீழே தெரியும்.

இப்போது இரைச்சல் ரெசிஸ்டர் 13, ஷாட் 18, சேர்த்தால் 22 ஃபெம்டோ ஆம்பியர் (இவை வர்க்கங்களாகக் கூடும், நேராகக் கூடாது). இனி அகலத்தைக் குறைப்பதுதான் பாக்கி. 1 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் பார்த்தால் 1 பிக்கோ ஆம்பியர் சிக்னல் இரைச்சலைப் போல 45 மடங்கு. அப்படியென்றால் அவுட்புட்டில் ஒரு பெரிய கெபாசிட்டர் போட்டுவிட்டால் முடிந்ததா? முடியாது. சுழிய அதிர்வெண்ணுக்கு அருகில்தான் உலகத்தின் குப்பையெல்லாம் இருக்கிறது. அதிர்வெண் குறையக் குறைய ஏறும் ஆப்-ஆம்ப்பின் 1/எஃப் இரைச்சல், பயாஸ் கரன்ட்டின் நகர்வு, சாலிடர் மூட்டுகளில் தெர்மோகப்பிள் போல எழும் மைக்ரோவோல்ட்டுகள், ஜன்னலில் மேகம் கடப்பது, எல்லாமே மெதுவாக நகர்பவை. அவற்றுக்கும் உங்கள் சிக்னலுக்கும் வித்தியாசம் காட்ட டிசி அளவீட்டில் எந்த வழியும் கிடையாது.

அதனால் சிக்னலை அங்கிருந்து கிளப்பி வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எல்இடியை விநாடிக்கு ஆயிரம் முறை அணைத்து எரிய விடுங்கள். குளோரோபில் ஒளிர்வு நானோ விநாடிகளில் அணைந்துவிடுவதால் அது எல்இடியை அப்படியே பின்தொடரும். வெளி வெளிச்சம், பயாஸ் கரன்ட், வெப்ப நகர்வு எதுவும் அந்தத் தாளத்தில் ஆடாது. விலையுயர்ந்த ஆப்-ஆம்ப் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்: பயாஸ் கரன்ட் டிசியாக நிற்கும், முதல் ஆப்-ஆம்ப்புக்குப் பின் தொடராக வைக்கும் கெபாசிட்டர் அதை நிறுத்திவிடும்.

இந்த உத்திக்குப் பெயர் வாங்கித் தந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எம்ஐடி ரேடியேஷன் ஆய்வகத்தில் மைக்ரோவேவ் ரேடியோமீட்டர் செய்தபோது, அளக்க வேண்டிய வெப்ப இரைச்சலைவிடத் தன் ரிசீவரின் சொந்த இரைச்சல் பல மடங்கு பெரியது, அதன் கெயினும் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பது அவர் பிரச்சினை. ரிசீவரை மேம்படுத்தப் பார்க்காமல், ஆன்டெனாவையும் தெரிந்த வெப்பநிலையில் உள்ள ஒரு லோடையும் விநாடிக்கு 30 முறை மாற்றி மாற்றிக் காட்டினார். அந்த 30 ஹெர்ட்ஸில் ஆடுவதை மட்டும் எடுத்துக்கொண்டார். அதை விளக்கும் கட்டுரை 1946-இல் வெளியானது. தெரிந்த தாளத்தில் ஆடுவதை மட்டும் பிரித்தெடுக்கும் இன்றைய லாக்-இன் ஆம்ப்ளிஃபயர்களும் இதே உத்தியில்தான் இயங்குகின்றன. பெல் ஆய்வகத்தின் பென்சியாஸும் வில்சனும் 1965-இல் அண்டத்தின் பின்னணிக் கதிர்வீச்சை அறிவித்தபோது, ஆன்டெனாவைத் திரவ ஹீலியத்தில் குளிர்ந்த லோடோடு மாற்றி மாற்றி ஒப்பிட்டுத்தான் அதைப் பிடித்திருந்தார்கள். அதே கதிர்வீச்சைத் தேடக் கருவி கட்டிக்கொண்டிருந்த டிக்கியின் குழு, சிறிது தூரத்தில், பிரின்ஸ்டனில் இருந்தது. அவர் யோசனையே அவரை முந்திக்கொண்டது.

ரேடியோ வானியலில் இதன் இன்னொரு வடிவம் ஃபேஸ் ஸ்விட்சிங்: இரண்டு ஆன்டெனாக்களில் ஒன்றன் அலைக் கட்டத்தை (ஃபேஸ்) தாளமாகப் புரட்டி, அந்தத் தாளத்தில் மாறுவதை மட்டும் பார்ப்பது. மார்ட்டின் ரைல் 1952-இல் கேம்பிரிட்ஜில் செய்தது. ஊட்டியில் முத்தொரை மலைச்சரிவில் 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியிலும் வடக்குப் பாதியையும் தெற்குப் பாதியையும் இப்படி இணைத்தார்கள். எட்ட முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். பாடப்புத்தகத்தைவிட அந்த இடம் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

மீண்டும் உங்கள் டப்பாவுக்கு வருவோம். ஃபோட்டோடையோடு அவுட்புட்டை, எல்இடி எரியும்போது +1-ஆலும் அணையும்போது −1-ஆலும் பெருக்கி, வருவதை 1 விநாடி நேரமாறிலி உள்ள ஒரு ஆர்சி ஃபில்டரில் விடுங்கள். அதன் இரைச்சல் அகலம் கால் ஹெர்ட்ஸ். சிக்னலில் பாதிதான் மிஞ்சும், 0.5 பிக்கோ ஆம்பியர், ஏனென்றால் பாதி நேரம் எல்இடி அணைந்திருக்கிறது. இரைச்சல் 11 ஃபெம்டோ ஆம்பியராக இறங்கும். விகிதம் 45. நான்கில் ஒரு பங்காகப் புதைந்திருந்த சிக்னல் இப்போது மீட்டரில் படிக்கிற அளவுக்கு வந்துவிடுகிறது.

அதிர்வெண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது? மிக உயரப் போகக் கூடாது. ஆப்-ஆம்ப்பின் மின்னழுத்த இரைச்சல் டையோடின் கெபாசிட்டன்ஸ் வழியாகக் கரன்ட் இரைச்சலாக மாறும், அது அதிர்வெண்ணோடு ஏறும். டிஎல்071-க்கு 18 நானோவோல்ட், டையோடு 100 பிக்கோ ஃபாரட் என்றால் 1 கிலோஹெர்ட்ஸில் 11 ஃபெம்டோ ஆம்பியர், பரவாயில்லை; 10 கிலோஹெர்ட்ஸில் 113, மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். தவிர 100 மெகா ஓம்மோடு அரை பிக்கோ ஃபாரட் தன்னால் ஒட்டிக்கொண்டாலே அகலம் 3.2 கிலோஹெர்ட்ஸில் முடிகிறது. ஆக 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சரி. ஆனால் சரியாக 1000 வேண்டாம்: அது 50-இன் இருபதாவது மடங்கு, ட்யூப்லைட்டின் ஒளித் துடிப்பும் அதே இடத்தில் வந்து உட்காரும். 1025 வையுங்கள். இரண்டு மடங்குகளுக்கு நட்ட நடுவில் இருக்கிறது. அதோடு, +1, −1 என்று பெருக்குவது 3, 5, 7 மடங்கு அதிர்வெண்களையும் சேர்த்து உள்ளே விடும். 3075, 5125, 7175 எல்லாமே 50-இன் மடங்குகளுக்கு நடுவில்தான் விழும். மின்சார வாரியத்தின் 50 ஹெர்ட்ஸ், ஒரு ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்கு தள்ளாடினாலும் இருபதாவது மடங்கில் 2 ஹெர்ட்ஸ்தான் நகரும், உங்களிடம் 25 ஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கிறது.

இனி சொல்லப்போவதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் லாக்-இன் செய்தவர்கள் பெரும்பாலும் மாட்டுவது இங்கேதான். லாக்-இன், தன் தாளத்தில் ஆடாத எல்லாவற்றையும் தள்ளிவிடும். தன் தாளத்திலேயே ஆடுகிற பொய்யை அதனால் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் எல்இடியில் 20 மில்லி ஆம்பியர் அதே 1025 ஹெர்ட்ஸில் ஓடுகிறது; நீங்கள் தேடுவது அதில் இரண்டாயிரம் கோடியில் ஒரு பங்கு. எல்இடி வயருக்கும் டையோடு காலுக்கும் நடுவே 1 ஃபெம்டோ ஃபாரட் கெபாசிட்டன்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிக்கோ ஃபாரட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எந்த மீட்டரிலும் தெரியாது. எல்இடி 3 வோல்ட் ஏறும்போதும் இறங்கும்போதும் 3 ஃபெம்டோ கூலம் உள்ளே தாவும். விநாடிக்கு 2050 முறை, ஒவ்வொன்றும் பெருக்கலுக்குப் பின் ஒரே திசையில். கூட்டினால் 6 பிக்கோ ஆம்பியர். அசையாமல், சுத்தமாக, அழகாக நிற்கும் ஒரு எண். உண்மைச் சிக்னலோ அரை பிக்கோ ஆம்பியர்.

அதனால் எல்இடி பக்கமும் டையோடு பக்கமும் தனித்தனித் தகர அறைகளாக இருக்கட்டும், நடுவில் ஒளிக்கு மட்டும் துளை. எல்இடியின் போக்கு வயரையும் வரவு வயரையும் முறுக்கி எடுத்துச் செல்லுங்கள். அதன் கரன்ட் திரும்பும் தரை வழியும் முன்பெருக்கியின் (முதல் ஆப்-ஆம்ப்) தரையும் ஒரே ஒரு புள்ளியில் சந்திக்கட்டும். பிரெட்போர்டில் இது நடக்காது. ஒவ்வொரு விளிம்புக்குப் பிறகும் சிறிது நேரம் வரும் சாம்பிள்களைத் தூக்கிப் போடுங்கள், தாவிய மின்னூட்டம் அடங்கட்டும். எல்லாம் முடிந்தபின் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை: அந்தத் துளையைக் கறுப்பு டேப்பால் அடையுங்கள், எல்இடியை எப்போதும் போல ஓட விடுங்கள். கரன்ட் ஓடுகிறது, ஒளி மட்டும் போகவில்லை. எண் சுழியமாக வேண்டும். ஆகாவிட்டால் நீங்கள் அளந்துகொண்டிருப்பது பாசியை அல்ல, வயரிங்கை.

டேப் சோதனையில் தேறிய பிறகும் ஒளி வழியாக வரும் பொய் ஒன்று மிச்சம். நீல ஒளியில் ஒரு துளி சிவப்பு ஃபில்டரைத் தாண்டி வந்தால், அல்லது நீர் மாதிரியை வைக்கும் மலிவான பிளாஸ்டிக் குவெட்டே நீல ஒளியில் ஒளிர்ந்தால், அதுவும் அதே தாளத்தில்தான் இருக்கும். எலக்ட்ரானிக்ஸால் இதைப் பிரிக்க முடியாது. வெறும் காய்ச்சி வடித்த நீரை வைத்து அளந்து கழிக்கலாம், ஆனால் கழிக்கிற எண் சிக்னலைவிடப் பெரிதாக இருந்தால் முதலில் ஃபில்டரை மாற்றுங்கள். டையோடை எல்இடிக்கு எதிரே வைக்காமல் 90 பாகைத் திருப்பத்தில் வைப்பது எந்த ஐசியும் செய்யாத உதவி.

போர்டு விஷயம். 100 மெகா ஓம் சர்க்யூட்டில் கைரேகையும் ஒரு ரெசிஸ்டர்தான். ஃப்ளக்ஸ் ஒட்டிய போர்டின் மேல்பரப்பு, சென்னைப் புழுக்கத்தில், 12 வோல்ட் காலுக்கும் இன்புட் காலுக்கும் நடுவே ஒரு லட்சம் மெகா ஓம் என்றே வைத்தாலும் 120 பிக்கோ ஆம்பியர் கசியும். மழை நாளில் இன்னும் மோசம். டிசிதான், லாக்-இன் தள்ளிவிடும் என்றாலும் அந்தக் கசிவு சீராக இருக்காது, படபடக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். இன்புட் காலைச் சுற்றி தரையோடு இணைத்த ஒரு செப்பு வளையம் போடுங்கள், அல்லது அந்தக் காலைப் போர்டில் படாமல் தூக்கி, டையோடோடும் ரெசிஸ்டரோடும் காற்றிலேயே சாலிடர் செய்யுங்கள். பார்க்க அசிங்கம், ஆனால் நன்றாக வேலை செய்யும். டையோடுக்கும் ஆப்-ஆம்ப்புக்கும் நடுவே கேபிள் வேண்டாம்: கோஆக்ஸை வளைத்தாலே உள்ளே உராய்வில் மின்னூட்டம் பிறக்கும். சோதிக்கும்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பாதி மர்மங்கள் அதிலேயே தீரும்.

பெருக்கும் வேலைக்கு ஏடி630 என்ற ஐசி உண்டு, நல்லதுதான், விலை அதிகம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆர்டுயினோவே போதும். எல்இடியை அதே மைக்ரோகன்ட்ரோலர் ஓட்டட்டும், எரியும்போது எடுத்த சாம்பிள்களைக் கூட்டி, அணைந்தபோது எடுத்ததைக் கழிக்கட்டும். 10 பிட் ஏடிசி எப்படிப் போதும் என்று சந்தேகம் வரும். முன்பெருக்கிக்குப் பின் கெபாசிட்டர் வைத்து 100 மடங்கு பெருக்கினால் சிக்னல் 10 மில்லிவோல்ட், இரைச்சல் 18 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். ஏடிசியின் ஒரு படி 5 மில்லிவோல்ட். இரைச்சல் பல படிகளைத் தாண்டி ஆடுவதால், ஆயிரக்கணக்கான சாம்பிள்களின் சராசரி ஒரு படியின் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சரியாகக் காட்டும். இரைச்சலே இல்லாத சிக்னலாக இருந்தால் இது நடக்காது, எண் ஒரே படியில் ஒட்டிக்கொண்டிருக்கும். 24 பிட் வேண்டாம் என்று முதல் வரியில் சொன்னதன் காரணம் இது.

எவ்வளவு நேரம் சராசரி எடுக்கலாம்? விகிதம் நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் ஏறும்: பத்து மடங்கு நல்ல எண் வேண்டுமானால் நூறு மடங்கு காத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பேரா (BERA) டெஸ்ட் இந்தப் பேரத்தை நன்றாகக் காட்டும். காதில் ‘டக்’ என்று ஓர் ஒலி கொடுத்தால் மூளைத்தண்டிலிருந்து தலைத்தோலுக்கு வரும் அலை அரை மைக்ரோவோல்ட் அளவு. மூளையின் சொந்த மின் ஆட்டம் அதைப் போலப் பல பத்து மடங்கு. அதனால் ஆயிரம், இரண்டாயிரம் ‘டக்’குகள் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிந்திய 10 மில்லி விநாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுகிறார்கள். அங்கும் வேகம் விநாடிக்கு 10 என்று வைக்காமல் 11.1 அல்லது 21.1 என்று வைப்பது வழக்கம். 10 வைத்தால் 50 ஹெர்ட்ஸ் ஒவ்வொரு முறையும் அதே கட்டத்தில் வந்து தானும் வளர்ந்துவிடும். குழந்தை தூங்க வேண்டும் என்று சொல்வதும் இதற்காகத்தான்: கழுத்துத் தசை ஒருமுறை இறுகினால் நூறு ‘டக்’குகளின் உழைப்பு போய்விடும்.

உங்கள் கருவியிலும் சராசரிக்கு எல்லை உண்டு. எல்இடி சூடேறும்போது அதன் ஒளி குறையும், அந்தக் குறைவு சிக்னலோடு பெருக்கலாக வருவதால் எந்த லாக்-இன்னும் அதை நீக்காது. சில நிமிடங்களுக்கு மேல் காத்திருப்பதில் லாபம் இருக்காது என்றே நினைக்கிறேன். அதற்குப் பதில் இரண்டாவது டையோடு ஒன்றை எல்இடியையே பார்க்கும்படி வைத்து, ஒன்றை மற்றொன்றால் வகுங்கள்.

அறிக்கையில் போட எண் வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள். காய்ச்சி வடித்த நீரை வைத்து, எதையும் தொடாமல், இருபது முப்பது அளவீடுகள் எடுத்து அவற்றின் திட்ட விலக்கத்தைக் கணக்கிடுங்கள். அதன் மூன்று மடங்கைத்தான் உங்கள் கருவி கண்டறியக்கூடிய மிகச் சிறிய அளவு என்று சொல்லலாம். பிறகு பசலைக்கீரையை ஆல்கஹாலில் அரைத்து வடிகட்டிய சாற்றை, ஒவ்வொரு முறையும் அதே ஆல்கஹாலால் பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போய் அளந்து வரைபடம் போடுங்கள். இதற்கு வெறும் ஆல்கஹாலின் எண்ணைக் கழிக்க வேண்டும், தண்ணீரின் எண்ணை அல்ல. மேல் முனையில் கோடு வளையும், சாறே தன் ஒளியை விழுங்குவதால், அது இயல்பு. கீழ் முனையில் வளைந்தால், கறுப்பு டேப்பை மறுபடி எடுங்கள்.